மெசேஜ் யாருக்குப் போகிறது?

ஈரான் போலீஸ் வைத்திருக்கும் நாஸெர் என்ற ஆப்பைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 2025 மார்ச்சில் ஐ.நா.வின் உண்மை அறியும் குழு வெளியிட்ட அறிக்கையில் இது விவரமாக வந்திருந்தது. ரோட்டில் போகிற ஒரு காரில் ஒரு பெண் முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரரோ, போலீஸ் சரிபார்த்து அனுமதி கொடுத்திருக்கும் பொதுஜனம் யாரோ ஒருவரோ, அந்த ஆப்பைத் திறந்து வண்டி நம்பர், இடம், தேதி, நேரம் இவ்வளவையும் போட்டால் போதும், வண்டிக்காரருக்கு உடனே எஸ்எம்எஸ் போய்விடும். உங்கள் வண்டியில் ஹிஜாப் சட்டம் மீறப்பட்டிருக்கிறது, கண்டுகொள்ளாமல் இருந்தால் வண்டியைப் பிடித்து வைப்போம் என்று. 2024 செப்டம்பரில் டாக்ஸி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் முதலில் தலை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதைவிட உறுத்தியது இன்னொன்று. அந்த எஸ்எம்எஸ் அவளுக்குப் போவதில்லை. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது, அது பெரும்பாலும் அப்பாவாகவோ புருஷனாகவோ அண்ணனாகவோ டாக்ஸி ஓட்டுகிறவராகவோ இருக்கும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது போனை நீட்டி, உன்னால வண்டி போயிரும் போலிருக்கே என்று அப்பா ஆரம்பிக்கிற சண்டைக்கு அரசாங்கம் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. டாக்ஸி டிரைவருக்கு மதத்தில் பெரிய பிடிப்பெல்லாம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வண்டி போனால் பிழைப்பு போச்சு, அதனால் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்து, அம்மா கொஞ்சம் மூடிக்குங்க என்று சொல்லத்தான் செய்வார். சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரரை நியமித்தாயிற்று.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் புரியும். 2022 செப்டம்பர் 13 அன்று சக்கெஸ் என்ற ஊரிலிருந்து தெஹ்ரானுக்கு வந்திருந்த மஹ்சா அமினி என்ற 22 வயது குர்திஷ் பெண்ணை, முக்காடு சரியில்லை என்று ஒழுக்கக் காவல் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. மூன்று நாளில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும், பெண், வாழ்க்கை, விடுதலை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை தெருவில் நின்றார்கள். அரசாங்கம் அதில் ஒரு பாடம் படித்துக்கொண்டது, ஆனால் நாம் எதிர்பார்த்த பாடம் இல்லை. வேன் வந்து நின்றால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் நாலு பேர் வீடியோ எடுப்பார்கள், வீடியோ வெளியே போனால் ஊர் பற்றிக்கொள்ளும். எஸ்எம்எஸ்ஸைச் சுற்றி யாரும் கூட மாட்டார்கள். 2023 ஏப்ரலில் ரோட்டிலும் பொது இடங்களிலும் கேமரா வைத்து ஆளை அடையாளம் காண்போம் என்று போலீஸ் அறிவித்தது. வேன்களும் அந்த வருஷம் ஜூலையில் திரும்பி வந்துவிட்டன, அது வேறு விஷயம். தெஹ்ரானில் அமீர்கபீர் பல்கலைக்கழக வாசலில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள், தெஹ்ரானிலும் கிஷ் தீவிலும் ட்ரோன் என்று அதே ஐ.நா. அறிக்கை அடுக்கிக்கொண்டே போகிறது.

மதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு டெக்னாலஜி என்றாலே ஆகாது, இன்டர்நெட் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்த அறிக்கையை நீட்ட வேண்டும் போலிருக்கிறது. பெண்ணைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு டெக்னாலஜி மேல் ஒரு வெறுப்பும் கிடையாது. கையில் கிடைத்த அன்றே எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாஸெருக்குப் பல வருஷம் முன்பே, 2016 பிப்ரவரியில், ஈரான் இளைஞர்களுக்காக கெர்ஷாத் என்று ஒரு ஆப் வந்தது. அதில் ஒழுக்கக் காவல் வேன் எந்த முனையில் நிற்கிறது என்று பார்த்தவர்கள் வரைபடத்தில் குறித்து வைப்பார்கள், மற்றவர்கள் அந்தத் தெருவை விட்டுவிட்டு வேறு வழியாகப் போய்விடுவார்கள். வந்த வேகத்திலேயே அதைத் தடை செய்தார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான், பார்த்ததைப் போட்டுக்கொடுப்பது. பெண்கள் போலீஸைப் பற்றிப் போட்டுக்கொடுத்தால் குற்றம், போலீஸ் பெண்களைப் பற்றிப் போட்டுக்கொடுத்தால் சேவை.

சவுதி இதை எப்போதோ செய்துவிட்டது. 2012-லேயே, ஒரு பெண் எல்லையைத் தாண்டினால் அவளுடைய காப்பாளரான ஆணுக்கு எஸ்எம்எஸ் போகும் ஏற்பாடு இருந்தது. அப்புறம் அப்ஷெர் என்ற அரசு ஆப் வந்தது, பாஸ்போர்ட், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் உதவுகிற ஆப்தான், அதிலேயே ஒரு ஓரத்தில் வீட்டுப் பெண் வெளிநாடு போகலாமா கூடாதா என்று ஆண் முடிவு செய்கிற வசதியும் இருந்தது. 2019-ல் அக்கா தங்கை இரண்டு பேர் அப்பாவின் போனை எடுத்து, அதே ஆப்பில் தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொண்டு ஜார்ஜியாவுக்குத் தப்பிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த வருஷம் ஆகஸ்டில் 21 வயது தாண்டிய பெண்கள் அனுமதி இல்லாமல் பயணம் போகலாம் என்று சட்டத்தையே மாற்றினார்கள்.

சரி, இந்த ஈரான் செய்தியை நான் முதலில் பார்த்தது எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில். அனுப்பியது சித்தப்பா. கூடவே முக்காட்டை எரிக்கிற ஒரு பழைய வீடியோ, மூன்று கைதட்டல் எமோஜி, "அங்க உள்ள பிள்ளைகளுக்கு இருக்க தைரியத்தப் பாருங்க" என்று ஒரு வரி. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஏனென்றால் இதே சித்தப்பா 2018-ல் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது என்னென்ன ஃபார்வேர்டு பண்ணினார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சபரிமலை என்றதும் இன்னொரு மெஷின் ஞாபகத்துக்கு வருகிறது. 2015 நவம்பரில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் தலைவராக இருந்தவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது, ஆயுதம் இருக்கிறதா என்று உடம்பை ஸ்கேன் பண்ண மெஷின் இருக்கிற மாதிரி, ஒரு பெண் கோவிலுக்குள் வரக்கூடிய நாளா இல்லையா என்று ஸ்கேன் பண்ணிச் சொல்ல ஒரு மெஷின் வரட்டும், அப்போது பெண்களை உள்ளே விடுவதைப் பற்றிப் பேசலாம் என்றார். அதற்குப் பதிலாக ஹேப்பி டு ப்ளீட், அதாவது மாதவிடாய் வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான், என்று பெண்கள் ஃபேஸ்புக்கில் கிளம்பினார்கள். நிறையப் பேர் அவரைக் கிண்டல் பண்ணிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அவர் அப்போதே ரொம்ப நவீனமான ஆளாகத்தான் தெரிந்தார். கடவுளை விட்டுவிடவும் இல்லை, பழக்கத்தை விட்டுவிடவும் இல்லை, மெஷினைத்தான் கேட்டார். அந்த மெஷின் வந்தால் அதன் திரை யார் பக்கம் திரும்பியிருக்கும்? நிச்சயமாக வரிசையில் நிற்கிற பெண் பக்கம் இல்லை.

2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்றது. மாறுபட்ட ஒருவர் அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. அவருடைய தீர்ப்பை என் சித்தப்பா மாதிரி ஆட்கள் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்கும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த டிசம்பரில் சென்னையிலிருந்து மனிதி என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்த 11 பேர் மலையேறப் போய் பம்பையிலேயே விரட்டப்பட்டுத் திரும்பினார்கள். 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் விடியும் முன்பு உள்ளே போய் வந்ததும் நடை சாத்தி சுத்தி செய்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது. இதில் எந்தப் பெண்ணின் தைரியத்துக்கும் எங்கள் குரூப்பில் கைதட்டல் எமோஜி வரவில்லை.

"ஏன் சித்தப்பா, பம்பையில திரும்பி வந்த பிள்ளைகளும் தைரியசாலிதானே" என்று கேட்டேன். "அது வேற, இது வேறம்மா" என்றார். குரூப்பில் அன்று முழுவதும் வேறு யாரும் எதுவும் போடவில்லை, அடுத்த நாள் ஒரு மாமா காலை வணக்கம் ரோஜாப்பூவோடு வந்து நிலைமையைக் காப்பாற்றினார்.

நியாயமாகப் பேசினால் எதிர்ப்பக்கத்திலும் இது உண்டு. மஹ்சா அமினி செத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், 2022 அக்டோபர் 13 அன்று, உடுப்பியில் தொடங்கிய, வகுப்பில் ஹிஜாப் போடலாமா என்ற கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். உடனே ஒரு கூட்டம், பார் ஈரானிலேயே கழற்றி எரிக்கிறார்கள், உடுப்பியில் மட்டும் போடுவேன் என்கிறார்களே என்றது. இன்னொரு கூட்டம் உடுப்பிப் பிள்ளைகளுக்காக உருகிவிட்டு, ஈரான் என்றால் மேற்கத்திய நாடுகளின் சதி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈரானிலேயே இரண்டும் நடந்திருக்கிறது. 1936-ல் மன்னர் ரேசா ஷா போலீஸை விட்டு முக்காட்டைப் பிடுங்கினார், 1983-ல் வந்த சட்டம் போடாதவளுக்கு 74 சவுக்கடி வரை என்றது. பிடுங்கினாலும் மாட்டிவிட்டாலும் தலை என்னவோ அவளுடையது.

அந்த தேவஸ்வம் போர்டு தலைவர் கேட்ட மெஷின் இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது என்பதுதான் கொடுமை. மாதவிடாய் தேதி குறித்துக்கொள்ளும் ஆப்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன். எங்கள் பக்கம் கார்த்திகை மாதம் வந்து வீட்டு ஆண்கள் மாலை போட்டுவிட்டால் பெண்களின் தேதிக் கணக்கு குடும்பக் கணக்காகிவிடும், யாருக்கு எப்போது, யார் அந்த மூன்று நாள் எந்த வீட்டுக்குப் போவது என்று அத்தை வரைக்கும் திட்டம் போடுவார்கள். அதிலிருந்து தப்பித்து எனக்கு மட்டும் தெரிகிற ஒரு கணக்கு என்று நினைத்துத்தான் ஆப்பைப் போட்டது. அப்புறம்தான் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் ஃப்ளோ என்ற ஆப் மேல் எடுத்த நடவடிக்கையைப் படித்தேன். பத்து கோடிக்கு மேல் ஆட்கள் பயன்படுத்திய ஆப் அது. உங்கள் விவரம் வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் மாதிரி நிறுவனங்களுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது குற்றச்சாட்டு, 2021-ல் சமரசம் செய்துகொண்டார்கள். 2025 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஜூரி இதே விஷயத்தில் மெட்டா கலிஃபோர்னியா சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு சொன்னது. அதாவது எங்கள் அத்தைக்குத் தெரியக் கூடாது என்று நான் மறைத்தது கலிஃபோர்னியா வரை போயிருக்கலாம்.

சிரிப்பாக இருந்தாலும் அமெரிக்காவில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. பல வருஷமாகச் சர்ச்சுகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் நடத்திய போராட்டத்தின் முடிவில், கருக்கலைப்பு உரிமையைத் தந்த 1973 தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே பெண்கள் இந்த ஆப்களை அழிக்கச் சொல்லி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், ஏனென்றால் தள்ளிப்போன ஒரு தேதியே நாளைக்குச் சாட்சியாகிவிடலாம். வீண் பயம் என்று சொல்ல முடியாது. நெப்ராஸ்காவில் ஒரு அம்மாவும் 17 வயது மகளும் கருக்கலைப்பு மாத்திரை பற்றி ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்ட மெசேஜ்களை போலீஸ் வாரன்ட் காட்டி மெட்டாவிடம் வாங்கியது. அது அந்தத் தீர்ப்புக்கு முன்பே தொடங்கிய வழக்கு, இருபது வாரத்துக்கு மேல் கூடாது என்ற பழைய சட்டத்தில் வந்தது. 2023-ல் அம்மாவுக்கு இரண்டு வருஷம் ஜெயில். மகளுக்கு அம்மா அனுப்பிய மெசேஜ்!

நேராகப் பெண்ணுக்கே வருகிற மெசேஜ் என்று யோசித்தால் எனக்கு முதலில் தோன்றுவது முத்தலாக் எஸ்எம்எஸ்தான். வாட்ஸப்பில் மூன்று தடவை டைப் பண்ணிக் கல்யாணத்தை முடித்துவிட்ட செய்திகள் ஒரு காலத்தில் அடிக்கடி வந்தன. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் அதைச் செல்லாது என்றார்கள், 2019-ல் வந்த சட்டத்தில் வாயால் சொன்னாலும் எழுதினாலும் மின்னணு வடிவில் அனுப்பினாலும் செல்லாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். புருஷனை மூன்று வருஷம் வரை உள்ளே போடலாம் என்று சேர்த்ததில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை, அவன் ஜெயிலில் இருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது என்று பெண்கள் அமைப்புகளே கேட்டன. ஆனால் அந்த மெசேஜ் செல்லாமல் போனதில் சந்தோஷம்தான். முஸ்லிம் பெண்களைக் காப்பாற்றியதாக அப்போது மார்தட்டிய கூட்டம், 2022 ஜனவரி 1 அன்று புல்லி பாய் ஆப்பில் நூறு முஸ்லிம் பெண்கள் வரை படத்தைப் போட்டு ஏலம் விடுவதாகக் கேவலப்படுத்தியபோது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அதில் பிடிபட்டவர்களில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் இருந்தார்கள், 18 வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள்.

ஆஃப்கானிஸ்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். தாலிபான் ஆட்சிக்கு வந்த பிறகு அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது. மிச்சம் இருந்தது போனும் ஆன்லைன் வகுப்பும்தான். 2025 செப்டம்பரில் பல்க் மாகாணத்தில் ஒழுக்கக்கேட்டைத் தடுக்க என்று சொல்லி ஃபைபர் இன்டர்நெட்டை வெட்டினார்கள், அந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் நாடு முழுவதுமே இணையம் நின்றுபோனது. பேங்க், விமானம் எல்லாம் தடுமாறிய பிறகு திரும்ப விட்டார்கள். போன் பெண்ணை விடுவிக்காது என்று மேலே இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கேட்கலாம். விடுவிக்காதுதான், ஆனால் ஒரு கணக்குப் பாடம் அவள் பெயருக்கு, அவள் திரைக்கு வந்துகொண்டிருந்தது. அதைத்தான் வெட்டினார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நம்ம ஊர் விஷயத்தை விட்டால் நான் சித்தப்பாவைக் கேட்டதற்கு அர்த்தம் இல்லை. என் அக்கா மகள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் படிக்கிறாள். லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் விரல் வைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், வைத்ததும் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போகும், உங்கள் மகள் இத்தனை மணிக்கு வெளியே போனார், இத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று. அவள் தம்பியும் அதே காலேஜில்தான் இருக்கிறான், பாய்ஸ் ஹாஸ்டலில் விரலும் கிடையாது, எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. அத்தானிடம் கேட்டேன். "அவன் ஆம்பளப் பய, அவனுக்கு எதுக்கு?" என்றார். பாதுகாப்புக்குத்தானே என்றார். ஈரான் போலீஸும் அதைத்தான் சொல்கிறது என்று வாய்வரை வந்தது, அத்தானிடம் சொல்ல முடியுமா, விழுங்கிவிட்டேன். அத்தான் கெட்டவர் இல்லை, மகளைக் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறவர், அந்த எஸ்எம்எஸ் வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதே எஸ்எம்எஸ் ஏழு மணிக்குப் பிறகு வந்தால் அக்காவுக்குத் தூக்கம் போகும், ஏனென்றால் திட்டு அவளுக்குத்தான் விழும்.

போன செமஸ்டரில் அந்தப் பிள்ளை ஒரு வேலை பார்த்தாள். காப்பாளர் நம்பர் மாற்ற வேண்டும் என்று ஃபார்ம் வாங்கி என் நம்பரைப் போட்டுவிட்டாள். "சித்தி, இனிமே உங்களுக்குத்தான் வரும், நீங்க பார்க்க வேண்டாம், டெலிட் பண்ணிருங்க" என்றாள். நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் போன் அடித்தால் கண் போகத்தானே செய்கிறது? சனிக்கிழமை 5.40-க்கு வெளியே போனாள், 8.15-க்கு வந்தாள், இரண்டரை மணி நேரம் எங்கே இருந்திருப்பாள் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது.

அதனால் ஹாஸ்டலுக்கு போன் பண்ணி, அவள் நம்பரையே அங்கே போடுங்கள், அவள் போனதும் வந்ததும் அவளுக்கே மெசேஜ் வரட்டும் என்றேன். வார்டன் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். ஃபார்மில் மாணவியின் நம்பருக்குக் கட்டமே இல்லையாம், அப்பா, அம்மா, காப்பாளர் என்று மூன்றுதான் இருக்கிறதாம். அவளுக்கு இருபது வயதாகிறது, ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்றேன். "அது சரி மேடம், சாஃப்ட்வேர்ல ஆப்ஷன் இல்லை" என்றார். வேறு ஹாஸ்டல்களில் இதை யாராவது மாற்ற வைத்திருந்தால் யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற நேரத்தில் நேரில் போகலாம் என்றிருக்கிறேன்.